வாடகை வீட்டு அடுக்களை: சிறிய இடமும் சீரான அமைப்பும்

மனையியல் நூல்கள் அடுக்களையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் சொந்த வீட்டையே மனத்திற் கொண்டு பேசுகின்றன. மேடையை எந்த உயரத்தில் கட்டலாம், சுவரில் எங்கே அலமாரி பதிக்கலாம் என்றெல்லாம் அவை விரிவாகக் கூறும். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு அப்பாடங்களை நாம் நடத்தியபோது, எதிரில் அமர்ந்திருந்தோருள் பெரும்பாலோர் வேலை கிடைத்த ஊரில் வாடகை வீட்டிற் குடியேறப் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டிய பாடம் சற்று வேறானது. அதனையே இங்கு எழுதுகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் எடுத்துக் கொள்வோம். இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே தொலைவு. முன்னதில் கோயிலை ஒட்டிய தெருக்களில் அகலம் குறைந்து நீளம் மிகுந்த பழைய வீடுகள் உண்டு. அவற்றில் அடுக்களை கடைக்கோடியில் இருக்கும். பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கும். பின்னதிலோ நூற்பாலைகளையும் அலுவலகங்களையும் நம்பி வருவோர்க்கென மாடியில் எழுப்பிய சிறு குடித்தனங்கள். வெளிச்சத்திற்குக் குறைவில்லை; ஆனால் ஆறடிக்கு எட்டடி அடுக்களையில் ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய இயலாது.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் இவ்விருவகை வீடுகளிலும் குடியிருந்தார். முதல் வீட்டில் ஆர்வத்தோடு சுவரைத் துளைத்து மூன்று பலகைத் தட்டுகள் பொருத்தினார். கரண்டி மாட்ட வரிசையாக ஆணிகள் அறைந்தார். பார்க்க அழகாகவே இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது பலகை கழற்றிய இடமெல்லாம் காரை பெயர்ந்தது. வீட்டுக்காரர் முன்பணத்தில் நாலாயிரம் ரூபாயைப் பிடித்துக் கொண்டார். பலகைகளோ புதிய அடுக்களையின் சுவருக்குப் பொருந்தவில்லை. சிறு குடும்பத்திற்கு அத்தொகை ஒரு மாதத்து மளிகைச் செலவாகும்.

எனவே முதல் விதி: சுவரைத் தொடாதே, தரையில் காலூன்றி நிற்பதையே வாங்கு. அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசிப்பது நலம். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. காலி செய்தபின் ஒரு மாதத்திற்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து, அதனைத் திருப்பித் தரவேண்டும். வெள்ளையடித்தல் பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர் மாற்றுதல் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்போர் பொறுப்பு. ஆதலால் குடிபுகுமுன்னரே அடுக்களைக்கு வெண்சுண்ணாம்பு அடித்துத் தருமாறு கேட்டுப் பெறுக. இருண்ட அறைக்கு அதைவிடச் செலவற்ற அலங்காரம் வேறில்லை.

வாடகை வீட்டின் சிற்றடுக்களையைப் பற்றி முறையாகச் சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணி. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகராட்சி கட்டிய வாடகைக் குடியிருப்புகளுக்காக 1926இல் அவர் வகுத்த அடுக்களை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடையது. ஏறத்தாழ ஆறேகால் அடிக்குப் பதினோரடி. சுமார் பதினாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்கிட்டே ஒவ்வொன்றையும் அவர் அமைத்தார். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் வரிசையாக நின்றன. மாவில் புழு வராதிருக்க அதன் பெட்டியை மட்டும் ஓக் மரத்தாற் செய்தார். நம் பாட்டிமார் பருப்புப் பானையில் வசம்பு இட்டதும் இதே நோக்கில்தான். நம் அஞ்சறைப் பெட்டியை அவர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக் கொள்வதுண்டு.

சேமிக்க இடம் தேடுவதற்கு முன், எவ்வளவு சேமிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விருதுநகர்ச் சந்தையில் பருப்பு மலிவென்று பத்துக் கிலோ வாங்கி வைத்தால், அதற்கு இடமும் வேண்டும். மழைக்காலத்தில் வண்டும் வரும். நம் இல்லங்களில் இது இடநெருக்கடி மட்டுமன்று. வண்டு வந்தபின் அதனை என்ன செய்வது என்னும் சங்கடம் நமக்குப் பெரிது. வராமற் காப்பதொன்றே வழி. ஆவணி முதல் மார்கழி வரை பருப்பு, ரவை, மாவு ஆகியவற்றைப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் வாங்குக. வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இடுக. பழைய ஹார்லிக்ஸ் புட்டிகள் போதும். உள்ளே இருப்பது வெளியே தெரியும், மூடி இறுகும். வசம்பைத் துணியில் முடிந்தே போடவேண்டும், உணவோடு கலக்கலாகாது.

அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் எறும்புகள் விழுந்து மடிகின்றன, நமக்கு ஏற்றதன்று. அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி நிறுத்தி, சர்க்கரையையும் வெல்லத்தையும் இறுக மூடி, இரவில் மேடையைத் துடைத்துவிட்டால் எறும்புக்கு அங்கு வேலையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்போர் பால்கோவாப் பொட்டலத்தை அன்றன்றே தீர்த்துவிடுவது இன்னும் எளிது!

நம் மாணவி இராஜபாளையத்து வீட்டில் செய்தது இதுதான். பழைய சாமான் கடையிலிருந்து நான்கு தட்டு இரும்பு ரேக் ஒன்றை வாங்கித் துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார். அரிசி டின் அடித்தட்டில். அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில். பண்டிகைப் பாத்திரங்கள் மேலே. கனமானது கீழிருந்தால் ரேக் ஆடாது. கரண்டிகளை ஓர் எவர்சில்வர் தூக்கில் நிறுத்தினார். அடுப்பின் பின்னே அலுமினியத் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்தார். எண்ணெய்த் தெறிப்பை அது ஏற்கும், சுவர் தப்பும். ஒட்டும் தாள் வேண்டாம். உரிக்கும்போது சுண்ணாம்பும் உடன் வரும். மேடையின் அடிப்பகுதியை மறைக்கப் பழைய பருத்திப் புடவையில் திரை தைத்தார். பால், தயிர்ப் பாத்திரங்களின் மேலே போட, அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் மெல்லிய மருத்துவத் துணியை வெட்டி ஓரம் மடித்துக் கொண்டார். நீர் வடிகட்டும் துணிக்கு மட்டும் தனிக்கொடி கட்டினார். அது நெருக்கமான நெசவாக இருக்கவேண்டும், கைத்துணியோடு கலக்கவும் கூடாது. ஆக மொத்தம் 2,600 ரூபாய் ஆயிற்றென்று கணக்கெழுதிக் காட்டினார்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுடைய நமக்குப் பகல் வெளிச்சமே முதன்மை. சாளரத்தை மறைத்து டப்பாக்களை அடுக்கலாகாது. விளக்கு தேவையாயின், முதுகுக்குப் பின்னே எரியும் விளக்கால் காய் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழும். ஒன்பது வாட் எல்.ஈ.டி. விளக்கொன்றை மேடைக்கு நேரே வருமாறு அமைத்துக் கொண்டால், காய்க்குள் இருக்கும் சிற்றுயிர் கண்ணுக்குத் தப்பாது.

எரிவாயு உருளையைத் திரைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ அடைக்கலாகாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே உருளை இருக்கும் பக்கம் மேடையடி திறந்தே இருக்கட்டும். உருளை நிமிர்ந்து நிற்க, அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும். குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுக.

குடிபெயரும் நாளில் ரேக்கைக் கழற்றும்போது திருகாணிகளை ஒரு சிறு டப்பாவில் இட்டு, ஸ்பானரையும் உடன் வைத்து, ரேக்கின் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். புதுவீட்டில் முதலில் தேடப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.