மேட்டில் ஏறும் பார வண்டியும் மாடுகளின் இழுப்பும்

நெல்லும் கரும்பும் ஏற்றிய வண்டிகள் ஏரிக்கரை, ஆற்றங்கரை முதலிய மேடுகளில் ஏறுங்கால், மாடுகள் முழங்கால் மடிந்து விழுவதும் கழுத்துப் புண்படுவதும் குடியானவர்கள் அறிந்ததே. சாட்டையை ஓங்குமுன் ஏற்றத்தின் கணக்கை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஏறும் வண்டியின்மீது நான்கு பலங்கள் செயற்படுகின்றன. அவையாவன: பூமி கீழ்நோக்கி இழுக்கும் எடை, பாதை சக்கரங்களைத் தாங்கும் பலம், அச்சின் உராய்வாலும் மண் அமுங்குவதாலும் உண்டாகும் தடை, மாடுகளின் இழுப்பு. வேகம் மாறாதிருக்கும்வரை இவை ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கும் என்பது நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதிகளால் விளங்கும். எடையில் ஒரு பகுதி வண்டியைச் சரிவின் வழியே பின்னுக்கு இழுக்கும். மேட்டின் உயரம் சரிவின் நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கோ, எடையிலும் அத்தனையில் ஒரு பங்கே அவ்வாறு இழுக்கும். இதனை ஸைமன் ஸ்டெவின் 1586இல் விளக்கினார்.

வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோ என்றும், கெட்டியான மண்பாதையில் தடை 40 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். சீராகச் செல்லும்போது வேண்டிய இழுப்பு வருமாறு:

சமதரையில் — 40 கிலோ
20க்கு 1 ஏற்றத்தில் — 50ம் 40ம் சேர்ந்து 90 கிலோ
10க்கு 1 ஏற்றத்தில் — 100ம் 40ம் சேர்ந்து 140 கிலோ

ஒரு மாடு நெடுநேரம் இழுக்கத்தக்கது ஏறக்குறைய தன் எடையில் பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ எடையுள்ள இரு மாடுகளுக்கு இது 80 கிலோ ஆகும். சிறிது தூரத்துக்கு 90 கிலோவை அவை தாங்கும். 140 கிலோ பெருந்துன்பமே. வண்டி மெதுவாகச் சென்றாலும் இவ்விழுப்புக் குறையாது. வேகத்தைக் கூட்ட முயன்றாலோ அதற்கும் மேற்பட்ட பலம் வேண்டும்.

ஆகவே கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது பாதையின் சரிவையே. 3 மீட்டர் உயரமுள்ள கரைக்கு 30 மீட்டர் நீளத்தில் வழி அமைந்திருப்பின், கரையை வெட்டாமல், வெளிப்புறத்தில் மண் கொட்டி அதனை 60 மீட்டராக நீட்டலாம். தூரம் கூடுவதால் மொத்த உழைப்புச் சற்று மிகும். எனினும் கழுத்தில் ஏறும் பளு மாடுகளின் சக்திக்குள் அடங்கும். நீட்ட இயலாத இடத்தில், வண்டியும் பாரமும் சேர்ந்து 640 கிலோவுக்கு மேற்படாமல் ஏற்றினால் இழுப்பு 90 கிலோவுக்குள் நிற்கும்.

வண்டிக்காரர் கைக்கொள்ளத்தக்கவை:

1. அச்சுக்கு மை தவறாமல் இடுக.
2. ஏற்றத்தில் பாரம் பின்தாழ்ந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆதலின் சிறிது முன்பாரமாக ஏற்றுக.
3. மேட்டின் அடியில் மாடுகளை இளைப்பாற்றி, பின் ஒரே நடையாக ஏறுக. நடுவில் நிற்க நேர்ந்தால் சக்கரத்தின் பின்னே கட்டை வைக்க.
4. அதே 10க்கு 1 சரிவில் இறங்குங்கால் 60 கிலோ பளு மாடுகளை முன்னே தள்ளும். தடைக்கட்டை போடாமல் இறங்கலாகாது.