தேர்ந்து கற்றல்

நுழையும்முன்

பள்ளியில் பாடங்களும் கால அட்டவணையும் பிறரால் வகுத்துத் தரப்படுகின்றன. பல்கலைக்கழகத்திலோ எதைக் கற்பது, எப்போது கற்பது, அதற்கான செலவை எவ்வாறு ஈடுசெய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் மாணவரே விடை காண வேண்டியுள்ளது. தொடர்பியல் கற்க விரும்பும் மாணவரை முன்வைத்து, அவ்விடைகளைக் காணும் நெறியை இக்கட்டுரை விளக்குகிறது.

செய்தி அறையிலிருந்து வகுப்பறைக்கு

இதழியல் நெடுங்காலம் தொழிற்களத்திலேயே கற்கப்பட்டது. செய்தி அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்தவர், மெய்ப்புத் திருத்தியவர், அச்சுக்கோத்தவர் எனப் பலரும் படிப்படியாக இதழாளராயினர். தினத்தந்தி நாளிதழை 1942ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், தம் செய்தியாளர்களைப் பயிற்றுவிக்க ‘இதழாளர் கையேடு’ என்னும் நூலை எழுதினார்.

இத்தொழிற்பயிற்சி மெல்ல மெல்லப் பல்கலைக்கழகக் கல்வியாக வளர்ந்தது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் தனி இதழியல் பள்ளியைத் தொடங்கியது. இந்தியாவில் 1941ஆம் ஆண்டில் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் இதழியல் துறையை நிறுவியது. 1965ஆம் ஆண்டில் புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் தோன்றியது. இன்று தமிழகக் கல்லூரிகளில் இதழியல், காட்சித் தொடர்பியல், மக்கள் தொடர்பியல், மின்னணு ஊடகவியல் எனப் பல பெயர்களில் இத்துறை கற்பிக்கப்படுகிறது. துறை விரிந்ததால் பாடங்களும் பெருகின. அதனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் மாணவரிடம் வந்து சேர்ந்தது.

தெரிவு என்னும் பொறுப்பு

மாணவர் தமக்குரிய பாடங்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறைக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1869ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்து விருப்பப் பாடங்களைப் பெருக்கினார். அறிவுக்கு விடுதலை அளித்த இம்முறையில் ஒரு குறையும் தலைகாட்டியது. மாணவர் சிலர் எளிதென்று கருதிய தொடக்கநிலைப் பாடங்களையே அடுத்தடுத்து எடுத்து, எத்துறையிலும் ஆழம் பெறாமல் பட்டம் பெற்றனர். அவருக்குப்பின் தலைவரான லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் வேண்டும் என்று விதி வகுத்தார். தெரிவுக்கு வழிகாட்டுதல் இன்றியமையாதது என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு, விருப்பப் பாடத் தெரிவு முறையை 2015ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் வலியுறுத்தியது. அதன்படி பாடங்கள் முதன்மைப் பாடம், விருப்பப் பாடம், திறன் மேம்பாட்டுப் பாடம் எனப் பகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பாடத்திற்கும் ‘கிரெடிட்’ என்னும் அளவு உண்டு. ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணிநேர விரிவுரை அல்லது இரண்டு மணிநேரச் செய்முறை என்பது ஒரு கிரெடிட் ஆகும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுள்ளது. நான்கு கிரெடிட் கொண்ட ஊடக வரலாற்றுப் பாடத்திற்கு வாரம் நான்கு மணிநேரம் போதும். அதே நான்கு கிரெடிட் கொண்ட ஒளிப்படச் செய்முறைக்கு எட்டு மணிநேரம் வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் நிகரானவை; மாணவரின் நாட்பொழுதில் அவை நிகரானவை அல்ல. ஒளிப்படம் எடுத்தல், படத்தொகுப்பு, களச்செய்தி திரட்டல் எனச் செய்முறை மிகுந்த தொடர்பியல் துறையில் இவ்வேறுபாடு பெரிதும் பொருட்படுத்தத்தக்கது.

உதவித்தொகை என்னும் ஊன்றுகோல்

வறுமை கல்விக்குத் தடையாகலாகாது என்னும் நோக்கில் அரசுகள் பல உதவித்தொகைகளை வழங்குகின்றன. பட்டியலின மாணவர்க்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே 1944ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்குகிறது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்றது. இரு திட்டங்களிலும் தொகை நேரடியாக வங்கிக் கணக்கைச் சென்றடைகிறது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் முன்னிலை பெறுவோர்க்கு ஒன்றிய அரசின் மத்தியத் துறை உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்குகிறது. இதற்குக் குடும்ப வருமானம் 4,50,000 ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். இது ஒருமுறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை தானாகத் தொடர்வதன்று. ஆண்டுதோறும் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் பெற்றுப் புதுப்பித்தால்தான் தொடரும்.

ஒரு முடிச்சு, மூன்று இழைகள்

இனி ஒரு மாணவியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து காட்சித் தொடர்பியல் பயிலும் அவர், தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். மத்தியத் துறை உதவித்தொகை பெறுபவர். இரண்டாம் ஆண்டில் தோழியர் எடுத்தனர் என்பதற்காக, மாலையில் நடைபெறும் செய்முறைப் பாடங்கள் இரண்டை ஒரே பருவத்தில் பதிவு செய்கிறார். வகுப்பு முடியும் முன்னரே ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து புறப்பட்டுவிடுகிறது. முதலில் அரைமணி முன்னதாக எழுந்து செல்கிறார்; பின்னர் வாரம் ஒரு வகுப்பை விடுகிறார். பருவ இறுதியில் வருகை 75 விழுக்காட்டிற்குக் கீழே இறங்குகிறது. உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டுக்கு வேண்டிய 12,000 ரூபாயை அவர் தந்தை கடனாகத் தேட நேர்கிறது.

இங்கு அவருடைய அறிவிலோ உழைப்பிலோ குறையில்லை. பாடப்பதிவு, வருகை, உதவித்தொகை ஆகியவற்றைத் தனித்தனியே கண்டதே பிழை. அம்மூன்றும் ஒரே முடிச்சின் இழைகள். ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும்.

வழிகாட்டி ஆசிரியர்

அம்முடிச்சைக் காக்கும் துணையாகவே வழிகாட்டி ஆசிரியர் உள்ளார். பதிவுக்கு முன்னர் அவரிடம் அம்மாணவி தம் பேருந்து நேரத்தைக் கூறியிருப்பின், ஒரு செய்முறையை இப்பருவத்திலும் மற்றொன்றை அடுத்த பருவத்திலும் எடுக்கும் வாய்ப்பை ஆராய்ந்திருக்கலாம். ஒரு பாடத்தைக் கற்க முன்னதாக எதைக் கற்றிருக்க வேண்டும், உதவித்தொகைகளுள் எவற்றை ஒருசேரப் பெறலாம், வருமானச் சான்றிதழை எப்போது பெற்று வைப்பது என்பனவற்றையும் அவர் வழியாகத் தெளியலாம்.

எனினும் முதல் தலைமுறை மாணவர் பலர் ஆசிரியரின் அறைக்குள் செல்லத் தயங்குகின்றனர். கேட்டால் அறியாமை வெளிப்படும் என்று அஞ்சுகின்றனர். வினவுதலே இதழாளரின் முதற்கருவி. பிறருக்காக வினா எழுப்பும் தொழிலைக் கற்க வந்தவர், தமக்காக வினவத் தயங்குதல் தகுமா? உதவித்தொகை இரக்கத்தால் இடப்படும் கொடையன்று. மக்கள் வரிப்பணத்தில் மாணவர்க்கென ஒதுக்கப்பட்ட உரிமை. அதன் விதிகளைக் கேட்டறிதல் அவ்வுரிமையைப் பேணும் கடமையாகும்.

கல்லூரி வாயிலைத் திறப்பது மதிப்பெண். உள்ளே நிலைத்திருக்கச் செய்வது தெளிவு. நாளை பிறருக்குச் செய்தி சொல்லப் போகும் மாணவர், இன்று தம் வாழ்வைப் பற்றிய செய்திகளைக் காலத்தே திரட்டக் கற்பாராயின், அதுவே அவர் கற்கும் முதல் தொடர்பியல் பாடமாகும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் சேர விரும்பும் கல்லூரிப் படிப்பின் முதல் பருவப் பாடங்களைத் திரட்டி, விரிவுரைக்கும் செய்முறைக்கும் உரிய வார நேரத்தைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. உங்களுக்குப் பொருந்தும் உதவித்தொகை ஒன்றின் தகுதி, தேவையான சான்றிதழ்கள், புதுப்பிக்கும் நெறி ஆகியவற்றை ஆசிரியர் துணையுடன் அறிந்து வகுப்பறையில் பகிர்க.