ஒரு புட்டி நீரும் சட்டத்தின் காவலும்

ஆற்று நீர் கெட்டுவிட்டது என்பதை அறியக் கரையோர உழவருக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. நிறமும் நாற்றமுமே அதனை உணர்த்திவிடும். ஆனால் அதனைக் கெடுத்தவர் யார், எந்த அளவுக்குக் கெடுத்தார் என்பதை நீதிமன்றத்தில் நிறுவச் சான்று வேண்டும். அச்சான்றைத் திரட்டுவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் முக்கியப் பணிகளுள் ஒன்றாகும்.

சட்ட அடிப்படை

நீர், அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இடம்பெற்ற பொருள். எனவே சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றியதன் பேரில், 252ஆம் பிரிவின்கீழ், நாடாளுமன்றம் 1974இல் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. வாரியங்கள் இச்சட்டத்தின்படி அமைந்தவை. 1972இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாட்டின் முடிவுகளைச் செயற்படுத்தும் பொருட்டு 1981இல் காற்று மாசுச் சட்டம் வந்தது. அது காற்றின் காவலையும் இவ்வாரியங்களிடமே ஒப்படைத்தது. போபால் நச்சுவாயுப் பேரழிவு 1984இல் நிகழ்ந்தது. அதன்பின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

இசைவாணையும் வரம்பும்

கழிவுநீரை வெளியேற்றக்கூடிய தொழிற்சாலையை நிறுவுவதற்கு முன்னும், இயக்குவதற்கு முன்னும் வாரியத்தின் இசைவாணையைப் பெறுதல் பொது விதியாகும். எவ்வளவு கழிவுநீர், எவ்விடத்தில், எத்தரத்தில் வெளியேறலாம் என்பதை அந்த ஆணை வரையறுக்கிறது. எடுத்துக்காட்டாக, ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, பொதுத் தரவரம்பின்படி, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கழிவிலுள்ள கரிமப் பொருள்களைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உட்கொள்ளும் ஆக்சிஜனையே இவ்வளவு குறிக்கிறது. அது மிகுந்தால் மீன்கள் சுவாசிக்க நீரில் ஆக்சிஜன் எஞ்சாது.

மாதிரி எடுக்கும் முறை

வரம்பு மீறப்பட்டதா என்பதைக் காட்டுவது கழிவுநீர் மாதிரி. வழக்குக்குரிய மாதிரியை எடுக்கும் முறையை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வகுத்துள்ளது. மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் நோக்கத்தை அலுவலர் முதலில் எழுத்து மூலம் ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். பின்னர் அவர் முன்னிலையில் மாதிரியை இரு பகுதிகளாகப் பிரித்து, தனித்தனிக் கலங்களில் இட்டு, அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒரு கலம் உடனடியாக வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும். பொறுப்பாளர் கோரினால் மற்றொன்று அரசு குறிப்பிட்ட வேறோர் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும். அவர் வேண்டுமென்றே வராதொழிந்தாலும், வந்திருந்தும் இரண்டாம் கலத்தைக் கோராவிட்டாலும், பின்பற்ற வேண்டிய முறையையும் சட்டம் கூறுகிறது.

‘உடனடியாக’ என்னும் சொல்லுக்கு அறிவியல் காரணமும் உண்டு. புட்டிக்குள்ளும் நுண்ணுயிர்கள் ஓய்வதில்லை. குளிரூட்டப்படாமல் மாதிரி காத்திருந்தால், அது ஆலையின் உண்மை நிலையைக் காட்டாது.

இம்முறை வழுவினால், பகுப்பாய்வு முடிவைச் சட்ட நடவடிக்கையில் சான்றாக ஏற்க இயலாது. ஆறு உண்மையிலேயே கெட்டிருக்கலாம். முத்திரை இல்லாத ஒரு புட்டியால் வழக்கு வலுவிழக்கலாம். மறுபுறம், குற்றமற்ற ஆலைக்கு இந்த இரண்டாம் கலமே பாதுகாப்பு. புகைபோக்கியிலிருந்து எடுக்கும் மாதிரிக்கும் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இத்தகைய நடைமுறையையே விதிக்கிறது.

தடுப்பு அதிகாரம்

வழக்கு முடியும்வரை ஆறு காத்திருக்க இயலாது. ஆகவே 1988இல் சேர்க்கப்பட்ட 33ஏ பிரிவு, ஆலையை மூடவும், அதன் மின்சாரத்தையும் நீர் வழங்கலையும் நிறுத்தவும் ஆணையிடும் அதிகாரத்தை வாரியத்துக்கு அளித்தது. இன்று மிகுதியாக மாசுபடுத்தும் ஆலைகளில் தொடர் கண்காணிப்புக் கருவிகளும் பொருத்தப்படுகின்றன. அவை விரைந்து எச்சரிக்கும். எனினும் 21ஆம் பிரிவு கூறும் மாதிரியின் இன்றியமையாமை குறைந்துவிடவில்லை.

சட்டத்தின் வலிமை அதன் தண்டனைப் பிரிவுகளில் மட்டும் இல்லை. கழிவுநீர்க் குழாயருகே நின்று, விதி வழுவாமல் கலத்துக்கு முத்திரையிடும் இளநிலை அலுவலரின் கவனத்திலும் உள்ளது. அக்கவனம் தவறினால், இழப்பு கரையோர உழவருக்கே.