கம்பெனி வலைப்பூ: முதல் பதிவு சர்வீஸ் பிரிவில் இருக்கிறது

அலுவலகத்தில் நன்றாக எழுதுவார் என்று ஒருவர் பெயர் வாங்கிவிட்டால், கம்பெனி வலைப்பூ அவர் தலையில்தான் விழும். "நம்ம வெப்சைட்ல ஒரு பிளாக் ஆரம்பிக்கணும், வாரம் ரெண்டு போடுங்க" என்பார் மேலாளர். எதைப் பற்றி, யாருக்காக என்ற பேச்சே இருக்காது. பொறுப்பேற்றவர் முதலில் எம்டி விருது வாங்கிய படத்தைப் போடுவார். அடுத்து ஆண்டு விழா, பிறகு பண்டிகை வாழ்த்து. மூன்று மாதத்தில் எல்லாம் நின்றுபோகும். கேட்டால் நேரமில்லை என்பார்கள். உண்மையில் படிக்க ஆள் வரவில்லை. அதனால் எழுதுகிறவருக்கும் கை ஓடவில்லை.

படிக்க ஆள் வர வேண்டுமானால், வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் எழுத வேண்டும். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிவர் பூல்ஸ் என்றொரு நிறுவனம் வீடுகளுக்கு ஃபைபர் கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துத் தருகிறது. 2008 பொருளாதாரச் சரிவில் தொழில் படுத்துவிட்டது. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் அதுவரை கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு போட ஆரம்பித்தார். 'குளம் அமைக்க எவ்வளவு செலவாகும்?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அதற்கு இணையத்தில் பதில் சொல்லத் தயங்கினார்கள். ஷெரிடன் சொன்னார். எதனால் விலை கூடும், எதனால் குறையும் என்று விளக்கினார். ஃபைபர் கிளாஸ் குளத்தின் குறைகளையும் எழுதினார். தங்கள் பகுதியில் நன்றாக வேலை செய்யும் மற்ற நிறுவனங்களைக்கூடப் பட்டியல் போட்டார். செலவு பற்றிய அந்த ஒரே பதிவு வழியாக வந்த விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாகப் பின்னர் கணக்குச் சொன்னார். 2017-இல் இந்த முறையை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார்.

விலையை எழுதினால் போட்டியாளர் பார்த்துவிடுவாரே என்பதுதான் நம்மூர் அலுவலகங்களில் முதலில் வரும் ஆட்சேபம். போட்டியாளருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் தவிப்பவர் வாங்க வந்தவர்தான். சரியான தொகை சொல்ல முடியாத தொழிலாக இருந்தால், எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை ஆகும், ஏன் அவ்வளவு வித்தியாசம் என்று எழுதுங்கள்.

கேள்விகள் எங்கே கிடைக்கும்? மார்க்கெட்டிங் கூட்டத்தில் கிடைக்காது. சர்வீஸ் பிரிவில் போன் எடுப்பவரிடமும், டீலர்களின் வாட்ஸப் குழுவிலும், விற்பனைப் பிரதிநிதியின் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முதல் பதிவு இப்படி இருக்கும்: "தரத்திலும் புதுமையிலும் முன்னணியில் திகழும் எமது நிறுவனம், விவசாயப் பெருமக்களின் நம்பிக்கையைப் பெற்று..." இதை எந்த விவசாயியும் தேடிவந்து படிக்க மாட்டார். சர்வீஸ் மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, கடைசியா வந்த போன் என்ன?" என்று கேளுங்கள். "மோட்டார் ஓடுது, தண்ணி சரியா ஏறலைன்னாங்க" என்பார். பதிவின் தலைப்பு கிடைத்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதினால் இப்படி வரும்:

"மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் குறைவாக வருகிறதா? அண்மையில் கரண்ட் லைனில் வேலை பார்த்துவிட்டுப் போனார்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீர் குறைவாகவே ஏறும். உடனே மோட்டாரை நிறுத்திவிடுங்கள். எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, மெயினை அணைத்துவிட்டு, ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுக்கச் சொன்னால் சரியாகிவிடும். பம்பை வெளியே தூக்க வேண்டியதில்லை."

அவ்வளவுதான். வீணாகப் பம்பைத் தூக்கும் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்த கம்பெனியின் பெயர், அடுத்த மோட்டார் வாங்கும்போது அந்த விவசாயிக்கு ஞாபகம் இருக்கும். இதைத் தமிழில்தான் எழுத வேண்டும். அமெரிக்க நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கிற கம்பெனி என்றால் ஆங்கிலம். வாங்குகிறவர் எந்த மொழியில் தேடுகிறாரோ அந்த மொழி.

மெக்கானிக்கை எழுதச் சொல்லாதீர்கள்; பேசச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்துகொண்டு, எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லைங்க, முதல்ல வோல்டேஜ் பார்க்கணும்" என்று அவர் திருத்தும் இடம்தான் பதிவின் உயிர். ஏஐ செயலிகள் நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதித் தரும்; நேற்று உங்கள் சர்வீஸ் பிரிவுக்கு வந்த போன் அவற்றுக்குத் தெரியாது. பதிவின் கீழே மெக்கானிக்கின் பெயரையும், அவர் சம்மதித்தால் படத்தையும் போடுங்கள். 'அட்மின்' என்று போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

வாரம் இரண்டு வேண்டாம். மாதம் இரண்டு போதும், தவறாமல் வர வேண்டும். ஐந்தாறு பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒப்புதல் தர ஒரே ஒருவர் இருக்கட்டும், அவருக்கு இரண்டு நாள் கெடு. நான்கு மேசை ஏறி இறங்கிய பதிவில் யாருடைய குரலும் மிஞ்சாது.

எதை எழுதக் கூடாது என்பதையும் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐபிஎம் 2005-இல் தன் ஊழியர்களையே உட்காரவைத்து இதற்கான விதிகளை எழுதவைத்தது. சொந்தப் பெயரில் எழுது, கம்பெனியில் உன் பொறுப்பைச் சொல், ரகசியத்தைக் காப்பாற்று என்பவை அவற்றின் சாரம். வாடிக்கையாளர் பெயரை அனுமதியில்லாமல் எழுதக் கூடாது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால், வெளியிடாத லாபக் கணக்கு, புதிய ஒப்பந்தம் போன்றவற்றைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 விதிகள் அதில் கறாரானவை. பணம் கொடுத்து எழுதவைத்ததை மறைப்பதும் கூடாது. ஒரு ஜோடி வேனில் ஊர் சுற்றி, வால்மார்ட் ஊழியர்களைச் சந்தித்து எழுதிய வலைப்பூவுக்குப் பின்னால் வால்மார்ட்டின் பணம் இருந்தது 2006-இல் வெளியே வந்தது. அதை நடத்திய மக்கள் தொடர்பு நிறுவனமான எடெல்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கெட்ட நாள் வரும்போதுதான் வலைப்பூவின் மதிப்பு தெரியும். 2006-இல் ஜப்பானில் ஒரு டெல் லேப்டாப் தீப்பிடித்து எரிந்த படம் உலகமெங்கும் பரவியது. அடுத்த சில வாரங்களில் டெல் வலைப்பூ தொடங்கியது. எரிந்த லேப்டாப் பற்றி அதிலேயே எழுதி, விசாரணை நடக்கிறது என்று சொன்னார்கள். அடுத்த மாதம் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் கம்பெனியில் ஒரு பேட்ச் பழுதாகிப்போனால், அன்று முதலில் எழுதவேண்டிய இடமும் வலைப்பூதான்: என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, இப்போது என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றுக்குப் பிறகு வருத்தம் தெரிவிக்கலாம்.

பலன் வருகிறதா என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். விற்பனைப் பிரிவு கஸ்டமருக்கு விளக்கம் சொல்வதற்குப் பதிலாக உங்கள் லிங்கை அனுப்ப ஆரம்பித்ததா என்று கேளுங்கள்.

இனி உங்களுக்கு. கம்பெனிக்காக, வேலையின் ஒரு பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கம்பெனிக்கே சொந்தம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேலை மாறும்போது அவற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எனவே உங்கள் பெயர் போட்டு எழுதச் சம்மதம் கேளுங்கள். வந்த பதிவுகளின் நகலை அடுத்த நேர்காணலில் காட்டலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொந்த வலைப்பூ ஒன்றும் தனியாக, சொந்த லேப்டாப்பில், அலுவலக நேரத்துக்கு வெளியே நடக்கட்டும். அதில் அலுவலகக் கதை வேண்டாம், நீங்கள் கற்ற தொழிலை எழுதுங்கள்.