உறுமல் நிற்பதற்காக எர்த்தைக் கழற்றாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் தெருவுக்குத் தெரு மைக் செட் கட்டுகிறோம். கூழ் ஊற்றுவது, விளக்குப் பூஜை, அது முடிந்தால் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஆம்பிளிஃபையர் வேண்டும். வாடகைக்கு எடுத்துவந்து தெருப் பையன்களே கட்டிவிடுவதும் உண்டு. அப்படிக் கட்டுகிறவர்களுக்கும், கட்டச் சொல்கிற விழாக் குழுவினருக்கும் இந்தப் பாடம்.

அனுமதி பற்றி முதலில் சுருக்கமாக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி தேவை. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் வைத்துவிடாமல் நிபந்தனைகளைப் படியுங்கள். கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி ஒலிபெருக்கி மட்டும் என்று அதில் பெரும்பாலும் இருக்கும்.

மின்சாரத்தைக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி திருட்டு. உயிருக்கும் உலை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். செட்டை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் 'உர்ர்ர்' என்று ஓர் உறுமல் வரும். உடனே கூட்டத்தில் ஒருவர், "அந்த மூணாவது பின்ன எடுத்துட்டு ரெண்டு வயர மட்டும் சொருகுப்பா, சரியாப் போயிடும்" என்பார். எடுத்தால் உறுமல் நிற்கவும் செய்யும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. வைத்தியம் பலித்துவிட்டதால் யாரும் அதை மறுபடி பார்ப்பதில்லை.

ஆம்பிளிஃபையரின் இரும்புப் பெட்டி, மைக் வயரின் வலைக்கம்பி, மைக்கின் உலோக உடல் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. பெட்டிக்குள் மின் வயர் தேய்ந்தோ, டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியோ பெட்டியைத் தொட்டுவிட்டால் 230 வோல்ட் நேராக மைக் வரை வந்துவிடும். எர்த் சரியாக இருந்தால் அந்த மின்சாரம் அதன் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் போகும். செட் நின்றுபோவதோடு சரி. எர்த் இல்லையென்றால் வெளியே ஒன்றும் தெரியாது. பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கோயில் வாசலில் நாம் செருப்புப் போடுவதில்லை. தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட ஈரத் தரை வேறு. அந்தத் தரையில் நின்று மைக்கைக் கையால் இறுக்கிப் பிடிக்கிறார் பாட வந்த பிள்ளை. ஷாக் அடித்தால் விரல்கள் இன்னும் இறுகும், விட முடியாது.

"எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆயிடும்ல?" என்று கேட்பீர்கள். ஆகாது. உடம்பு வழியாகப் பாயும் 100 மில்லி ஆம்பியரே இதயத்தை நிறுத்தப் போதும். 3 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் அது 3,000 மில்லி ஆம்பியர். ஃபியூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்ற வைத்தவை. மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒத்துப்போகவில்லை என்றால் அது கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். விழா இணைப்புப் பலகையில் அது கட்டாயம் இருக்கட்டும். தினமும் செட் போடும் முன் அதிலுள்ள 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டினால், நியூட்ரலை எர்த்தோடு இணைக்காதவரை ஆர்.சி.சி.பி. வேலை செய்யாமல் போகலாம். அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். எர்த்தே இல்லாத இடத்தில் எர்த் போடுவதும் அவர் வேலை.

செட் ஓடும்போது மைக்கின் உலோகத்தில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். லேசாக எரிந்தாலும் எர்த் சரியில்லை என்று வைத்துக்கொண்டு உடனே மெயினை நிறுத்துங்கள். எரியவில்லை என்பதை மட்டும் நம்பியும் இருந்துவிடாதீர்கள், டெஸ்டர் மலிவான சாமான்.

சரி, உறுமலுக்கு என்னதான் வழி? மிக்சரை ஒரு வீட்டிலும் ஆம்பிளிஃபையரை வேறு வீட்டிலும் சொருகியிருந்தால், இரண்டையும் ஒரே பலகைக்குக் கொண்டுவாருங்கள். பாதி உறுமல் அங்கேயே போய்விடும். மைக் வயரும் கரண்ட் வயரும் ஒட்டி ஓடாமல் தள்ளிப் போகட்டும். குறுக்கே போயே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். பிறகு மைக் வயரை மாற்றிப் பாருங்கள், வலைக்கம்பி அறுந்திருக்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் இடையில் ஒலிக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொல்லுங்கள். எதுவுமே பலிக்கவில்லையா? உறுமலோடு விழா நடக்கட்டும், பரவாயில்லை.

ஸ்பீக்கர் கணக்கு எளிது. 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம், நான்கைப் போட்டால் 2 ஓம். ஆம்பிளிஃபையரின் பின்பக்கம் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். தெரு நீளத்துக்கு இழுக்கும் 100 வோல்ட் லைனிலும் ஷாக் அடிக்கும் என்பதால் அந்த ஜாயிண்டுகளைத் திறந்து விடக்கூடாது. ஸ்பீக்கர் வயரில் கரண்ட் பிளக்கை மாட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இருட்டில் யாராவது அதைச் சுவர் பாயிண்டில் சொருகிவிடுவார்கள், மாட்டவே மாட்டாதீர்கள்.

மழை தூறினால் ஆம்பிளிஃபையர்மேல் பாலிதீனைப் போர்த்திக்கொண்டு ஓட்டக் கூடாது. மெயினை நிறுத்திவிட்டுத்தான் மூட வேண்டும். மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் பொறுப்பான ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின், பிறகு 108. மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்பிளிஃபையர் கடைசியில். இரவு 10 மணிக்கு முன் நிறுத்தும்போது ஆம்பிளிஃபையர் முதலில், அதன்பின் மிக்சர், பிறகு மெயின். வயரைச் சுருட்டும்போதே விரலால் தடவிப் பாருங்கள். தோல் உரிந்த இடம் கைக்குத் தட்டுப்பட்டால் அங்கேயே ஒரு முடிச்சுப் போட்டு, வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது காட்டிவிடுங்கள். அடுத்த வாரம் அதே வயர் வேறொரு தெருவுக்குப் போகப் போகிறது.