எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறது உங்கள் சர்வர்?

மரக்காணம் பக்கம் புயல் என்றால் முதலில் போவது கரண்ட். 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். இரண்டுமே புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தவை. கரண்ட் திரும்பிய பிறகு, உப்பளத்தை ஒட்டிய அலுவலகத்தில் பன்னிரண்டு டிஸ்க் போட்ட லினக்ஸ் ஸ்டோரேஜ் சர்வர் கறுப்புத் திரையோடு நின்றால் பழி புயல்மேல் விழும். பல நேரம் கோளாறு மாதக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கும். ரீபூட் செய்யாததால் யாருக்கும் தெரிந்திருக்காது. சிஸ்டம் அட்மின் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதை எப்படிக் கையாள்வது?

திரையைப் படியுங்கள்

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத் திரையே சொல்லும்.

• பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால், பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ தவறான டிஸ்க்கைத் தேடுகிறது.
• ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்தால், பூட்லோடரான கிரப்பின் முதல் பகுதி ஏறிவிட்டது. தன் மாட்யூல்கள் இருக்கும் பார்ட்டிஷன்தான் அதற்குக் கிடைக்கவில்லை.
• வெறும் ‘கிரப்’ என்று மட்டும் வந்தால், மாட்யூல்கள் கிடைத்துவிட்டன. மெனு ஃபைல் இல்லை.
• கெர்னல் ஓடி ‘எமர்ஜென்சி மோட்’ வந்தால் பூட்லோடர்மேல் குற்றமில்லை. பெரும்பாலும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதியிருக்கும் டேட்டா டிஸ்க் ஒன்று வரவில்லை.

கீபோர்டைத் தொடுமுன் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா டிஸ்க்குகளை ஒதுக்குங்கள்

பவரை அணைத்துவிட்டு, சீரியல் நம்பரையும் ஸ்லாட்டையும் குறித்துக்கொண்டு, டேட்டா டிஸ்க்குகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிடுங்கள். சிலவற்றை மட்டும் விட்டுவைத்தால் ரெய்டு அரைகுறையாக எழும்பப் பார்க்கும். இப்போது சர்வர் பூட் ஆனால் (டேட்டா டிஸ்க் இல்லாததால் எமர்ஜென்சி மோடில் போய் நின்றாலும் சரி) காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது: இத்தனை டிஸ்க்குகளுக்கு நடுவே பயாஸின் பூட் வரிசை மாறியிருக்கிறது. டேட்டா டிஸ்க்குகள் மாட்டிய எச்பிஏ கார்டில் பூட் ராம் வசதியை அணைத்துவைத்தால் இந்தக் குழப்பம் திரும்ப வராது.

அப்படியும் பூட் ஆகவில்லையா? ரெஸ்க்யூ யூஎஸ்பியில் ஏறுங்கள். சர்வர் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் யூஎஸ்பியும் அதே முறையில் ஏற வேண்டும். ரூட், பூட் பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்து, சிஎச்ரூட் வழியாக உள்ளே போய் கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்ப வேண்டாம். அவை பூட்டுக்குப் பூட்டு மாறலாம். சீரியல் நம்பரோடு வரும் ‘பை-ஐடி’ பெயரைப் பாருங்கள். ஜிபிடி டிஸ்க்கை பயாஸ் முறையில் பூட் செய்வதானால் கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் தனி பார்ட்டிஷன் தேவை.

2020 ஜூலையில் நடந்தது

கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்ற பாதுகாப்பு ஓட்டை 2020 ஜூலை 29 அன்று வெளியானது. அதை அடைக்க வந்த அப்டேட்டைப் போட்ட டெபியன், உபுண்டு கணினிகள் பல அடுத்த ரீபூட்டில், ‘கிரப் கேலாக்’ என்ற சிம்பல் கிடைக்கவில்லை என்று நின்றன. மாட்யூல்கள் புதுசு, பயாஸ் படிக்கும் டிஸ்க்கின் தலையில் இருந்த கிரப்போ பழசு. எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று கிரப் பேக்கேஜ் எப்போதோ குறித்துவைத்த பெயர், உண்மையில் பூட் ஆகும் டிஸ்க்குடையது அல்ல. கிரப்பைச் சரியான டிஸ்க்கில் போட்டதோடு, பேக்கேஜை ரீகான்ஃபிகர் செய்து அந்தக் குறிப்பையும் திருத்தியவர்களுக்கு அடுத்த அப்டேட்டில் தலைவலி இல்லை.

டிஸ்க் மாற்றினால் வேலை முடியவில்லை

உப்புக் காற்று கனெக்டர்களை அரிக்கும். கடற்கரையில் டிஸ்க் மாற்றும் வேலை அடிக்கடி வரலாம். மிரர் ரெய்டில் புது டிஸ்க்கைச் சேர்த்தால், ரெய்டுக்குள் இருக்கும் பார்ட்டிஷன்கள் மட்டுமே சிங்க் ஆகும். வெளியே இருக்கும் பூட்லோடர் தானாக வராது. யூஇஎஃப்ஐ என்றால் பூட்லோடர் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனையும் காப்பி செய்து, பூட் பட்டியலில் இரண்டாவது டிஸ்க்குக்கும் ஒரு பதிவு போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பழைய டிஸ்க் போகும் நாளில் சர்வரும் படுத்துவிடும்.

மேலதிகாரியிடம் என்ன சொல்வது?

“பார்க்கிறோம் சார்” என்பது பதில் அல்ல. “சர்வர் பூட்லோடரில் நிற்கிறது சார். டேட்டா டிஸ்க்குகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், எதிலும் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் நிலைமையைச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். டேட்டா பத்திரம் என்று மட்டும் சரிபார்க்காமல் வாக்குக் கொடுக்க வேண்டாம். சொன்ன நேரத்தில், வேலை முடியாவிட்டாலும், போன் செய்யுங்கள்.

செப்டம்பரில் செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் பேக்கப்பைச் சரிபார்த்து, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணையுங்கள். முதல் பூட் டிஸ்க்கை எடுத்துவிட்டு பூட் செய்யுங்கள். ஆனால் டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்து, சிங்க் முழுதாக முடிந்த பிறகே இரண்டாவதைச் சோதியுங்கள். எந்த ஸ்லாட்டில் எந்த சீரியல் நம்பர், பூட் முறை எது, ரெஸ்க்யூ யூஎஸ்பி எங்கே என்பதை ஒரே தாளில் எழுதி ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அந்தக் குறிப்பை சர்வருக்குள்ளேயே வைத்தால், தேவைப்படும் நாளில் திறக்க முடியாது.