மீனுக்கு நோயா, தண்ணிக்கு நோயா?

கொளத்தூர் போய் நாலு கப்பி, ரெண்டு மோலி, ஒரு கண்ணாடித் தொட்டின்னு வாங்கிட்டு வந்தவங்க நம்ம காலேஜ்லயே நிறைய பேர் இருப்பீங்க. முதல் வாரம் எல்லாம் சூப்பரா போகும். ரெண்டாவது வாரம் ஒரு மீன் சாப்பிடாம மூலையில ஒதுங்கி நிக்கும். உடனே கடைக்கு ஓடி, "அண்ணா, மீன் டல்லா இருக்கு, ஏதாவது மருந்து குடுங்க"ன்னு கேட்போம். நீலத்துல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு கிடைக்கும். ரெண்டையும் ஊத்துவோம். மறுநாள் மீன் மிதக்கும்.

எரர் மெசேஜைப் படிக்காமலே கோடை மாத்துற வேலை இது. சின்ன மீனுக்கு நம்மகிட்ட இருக்கிற நேரம் ரெண்டு மூணு நாள்தான். அதைத் தப்பான மருந்துல செலவழிக்கக் கூடாது. அதனால ஒரு வரிசை வெச்சுக்கலாம்: முதல்ல தண்ணி, அப்புறம் மீன், கடைசியா மருந்து.

1. தண்ணியைப் பாருங்க

எல்லா மீனும் ஒரே நேரத்துல சோர்ந்து போனா, முதல் சந்தேகம் தண்ணி மேலதான். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியா அம்மோனியாவா வெளியே விடுது. ஃபில்டர்ல வளரும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாத்தும். புதுத் தொட்டியில இந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ரெண்டாவது வாரம் பிரச்சினை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அம்மோனியா ஏறினா மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், செவுள் சிவந்து தெரியும். பிஎச் 7-ல் இருக்கிறதைவிட 8-ல் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். நைட்ரைட் ஏறினா ரத்தத்தால ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, செவுள் பழுப்பு நிறமாகும்.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்ஜியமா இருக்கணும். இல்லைன்னா மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க. புதுத் தண்ணியில குளோரின் நீக்கி கலந்திருக்கணும், சூடும் ஏறக்குறைய அதே அளவு இருக்கணும். ஒரு நாள் தீனி போடாதீங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில தேய்க்கவே கூடாது, நல்ல பாக்டீரியா செத்துடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்க.

ஒரு விதிவிலக்கு: ஃபைட்டர், கௌராமி மாதிரி மீன்கள் இயல்பாகவே மேலே வந்து காற்றைக் குடிக்கும். அது நோயில்லை.

2. மீனைப் பாருங்க

தண்ணி சரியா இருக்கு, ஆனா ஒண்ணு ரெண்டு மீன் மட்டும் சரியில்லையா? டார்ச் அடிச்சுக் கிட்டப் பாருங்க.

உடம்புலயும் துடுப்புலயும் ரவை தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி இருந்து, மீன் கல்லுல உரசினா, அது 'இக்' எனும் வெள்ளைப்புள்ளி நோய். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில இருக்கும்போது மருந்து எட்டாது. அது கீழே விழுந்து, பெருகி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளா நீந்தும்போதுதான் சாகும். அதனாலதான் புள்ளி மறைஞ்ச அன்னைக்கே மருந்தை நிறுத்தினா ஒரு வாரத்துல திரும்ப வருது. சூட்டை மெதுவா 30 டிகிரி செல்சியஸ் வரை ஏத்தினா ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், மருந்துக்குச் சீக்கிரம் மாட்டும். சூடான தண்ணியில ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கட்டும்.

வாயைச் சுத்தியோ முதுகுலயோ பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளைப் படலம் இருந்தா, அது 'காலம்னாரிஸ்' எனும் பாக்டீரியா நோயா இருக்கலாம். பாக்கறதுக்குப் பூஞ்சை மாதிரியே இருக்கும். இங்கே சூட்டை ஏத்தினா நோய் இன்னும் வேகமா பரவும்! ரெண்டுமே வெள்ளைதான், வைத்தியம் நேர் எதிர். நல்லாப் பார்க்காம மருந்து ஊத்தக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

ஆண் கோல்ட்ஃபிஷ்ஷுக்குச் செவுள் மூடியிலும், முன் துடுப்பின் விளிம்பிலும் மட்டும் வெள்ளைப்புள்ளி வரிசையா இருந்தா பயப்படாதீங்க. அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம்.

வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப்பழம் மாதிரி தூக்கி நின்னா, உள்ளுறுப்புகள் பழுதாகி உடம்புல நீர் கோர்த்திருக்குன்னு அர்த்தம். இந்தக் கட்டத்துல பிழைப்பது அரிது. அதைத் தனியா வெச்சு, மத்த மீன்களைக் காப்பாத்தப் பாருங்க.

3. அளந்து ஊத்துங்க

நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000-ஆல் வகுத்தா லிட்டர் கிடைக்கும். 60 × 30 × 30 தொட்டி 54 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர்னு வெச்சுக்கலாம்.

வெள்ளைப்புள்ளிக்கு லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு என்றால் 90 கிராம். அதைத் தனியா கரைச்சு, ஒரே நாள்ல கொட்டாம ரெண்டு நாள்ல பிரிச்சு ஊத்துங்க. தண்ணி ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிடும். அதனால 10 லிட்டர் மாத்தினா 20 கிராம் மட்டும் திரும்பப் போடணும். கோரிடோரஸ் மாதிரி மீன்களுக்கும் செடிகளுக்கும் உப்பு ஒத்துக்காது.

மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். நோயாளி மீனைத் தனி டப்புக்கு மாத்தி, அங்கே போடுங்க. எந்த மருந்து போட்டாலும் ஃபில்டர்ல கரித்தூள் இருந்தா எடுத்துடுங்க, அது மருந்தை உறிஞ்சிடும். ரெண்டு மருந்தைக் கலக்காதீங்க. நம்ம வீட்டு மாத்திரை டப்பால மிச்சமிருக்கிற ஆன்ட்டிபயாட்டிக்கை இடிச்சுப் போடவே போடாதீங்க. அளவும் தெரியாது, மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரும்.

கையில வெட்டுக்காயம் இருந்தா தொட்டிக்குள்ள கை விடாதீங்க. மீனுக்கு வரும் ஒரு வகைக் காசநோய்க் கிருமி காயம் வழியா நமக்கும் தொற்றும். வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

புதுசா மீன் வாங்கினா 2 முதல் 4 வாரம் தனி டப்புல வெச்சுப் பாருங்க. நோய் பெரும்பாலும் அந்த பாலித்தீன் பையிலதான் வீட்டுக்கு வருது. ஒரு பிளாஸ்டிக் டப்பும் சின்ன ஏர் பம்பும் போதும், மொத்தத் தொட்டியும் பிழைக்கும்.